மண் துரியோதனனும் மைதா மாவுப் பிணங்களும்

எனக்கு ஒரு புகார் இருக்கிறது. மோசமாக எடுக்கப்பட்ட ஜாம்பி படங்களைத் திட்டுகிறவர்கள் மேல் அல்ல. அவற்றை ரசிப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் மேல்.

அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் மாதம் ஒருமுறை 'மொக்கைப் பட ராத்திரி' நடக்கும். பத்துப் பேர் கூடுவோம். ஊரிலேயே கேவலமான படம் எது என்று தேடிப் போட்டு, நிறுத்தி நிறுத்திச் சிரிப்போம். 'அங்க பாரு மச்சான், செத்தவன் மூச்சு விடறான்', 'பின்னாடி மைக் தெரியுது'. அப்படி ஒரு ராத்திரி எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' ஓடியது. வேற்றுக்கிரகவாசிகள் கல்லறையிலிருந்து பிணங்களை எழுப்பி ஊருக்குள் விடுகிறார்கள் என்பது கதை. ஆக, அதுவும் ஜாம்பி படம்தான். கல்லறைக் கற்கள் ஆள் இடித்தால் ஆடும். ஒரே துரத்தலில் பகலும் இரவும் மாறி மாறி வரும். நாயகனைவிட முக்கியமான நடிகர் பெலா லுகோசி 1956இலேயே இறந்துவிட்டார். கையில் இருந்தது அவரை வைத்து ஏற்கெனவே எடுத்திருந்த சில நிமிடத் துண்டுகள். எட் வுட் என்ன செய்தார்? தன் மனைவிக்கு முதுகுவலி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்து, கறுப்பு அங்கியால் முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லி மிச்சக் காட்சிகளை எடுத்தார். அந்த ஆள் லுகோசியைவிட உயரம். யாரும் ஏமாறவில்லை.

நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து எட் வுட்டைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. 'உலகத்தின் மிக மோசமான படம்' என்று இந்தப் படத்துக்குப் பட்டம் கொடுத்து அமெரிக்காவில் புத்தகம் வந்தது 1980இல். எட் வுட், வாடகை பாக்கிக்காக வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாட்களிலேயே, 1978 டிசம்பரில் செத்துப்போயிருந்தார். 1994இல் டிம் பர்ட்டன் அவரைப் பற்றிப் பெரிய செலவில் ஒரு படம் எடுத்தார். அதில் லுகோசியாக நடித்தவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதாவது தோல்வி அவருடையது, அந்தத் தோல்வியின் 'வசீகரம்' மட்டும் அடுத்தவர்களுடையது. என் புகார் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

•

முதலில், ஏன் ஜாம்பி? உலகம் முழுக்கக் கையில் காசில்லாதவன் ஏன் முதலில் ஜாம்பி படம் எடுக்கிறான்?

பதில் எளிது. சினிமாவில் ஜாம்பியைவிட மலிவான பூதம் கிடையாது. டைனோசருக்கு கிராபிக்ஸ் வேண்டும். விண்கலத்துக்கு செட் வேண்டும். ஜாம்பிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போதும். முகத்தில் மைதா மாவு, கண்ணைச் சுற்றி மை, கிழிந்த சட்டை. வசனம் மனப்பாடம் செய்ய வேண்டாம், நடிக்கத் தெரிந்திருக்க வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும். அதையும் ஒழுங்காக நடக்கத் தேவையில்லை.

ஜார்ஜ் ரொமேரோவுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. பிட்ஸ்பர்க் நகரத்தில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர், நண்பர்களிடம் பணம் திரட்டி, சுமார் 1,14,000 டாலரில் 1968இல் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' எடுத்தார். இடிக்கப்போகிற ஒரு பண்ணை வீட்டில் படப்பிடிப்பு. கறுப்பு வெள்ளைப் படமாதலால் ரத்தத்துக்கு சாக்லேட் பாகு. கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை வாசகத்தைப் போட மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் படம் ஊர்ப்பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், திரையிடலாம், விற்கலாம். உலகம் முழுக்க ஜாம்பி பரவியதற்கு இந்த மறதியும் ஒரு காரணம். இந்த வகைமையே ஒரு பிழையிலிருந்து பிறந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

ஆனால் அந்தப் படத்தில் 'ஜாம்பி' என்ற சொல்லே வராது. அந்தச் சொல் ஹைட்டித் தீவிலிருந்து வந்தது. கரும்புத் தோட்ட அடிமைகளின் அச்சம் அது: செத்த பிறகும் எழுப்பி வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம். 1932இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காட்சி உண்டு. பிணங்கள் ஆலையை இழுத்துக்கொண்டிருக்கும். ஒருவன் கால் இடறி அரவைக்குள் விழுவான். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் படத்தில் பிணங்களை ஏவும் மந்திரவாதியாக நடித்தவர் இதே பெலா லுகோசிதான். ராத்திரி ஷிஃப்ட் பார்த்த எவருக்கும் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது.

•

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

ஆரணியைப் பட்டுப்புடவைக்கும் அரிசிக்கும் எல்லோருக்கும் தெரியும். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் எத்தனை என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கோடையில் அக்னி வசந்த விழா. பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி தெருக்கூத்து. கூத்துக்குப் பேர்போன புரிசையும் இதே மாவட்டம்தான். விழா முடிகிற நாள் படுகளம். வெட்டவெளியில் மண்ணைக் குழைத்து மிகப் பெரிய துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். வண்ணம் பூசி, மீசை வைத்து, கையில் கதை கொடுத்து. தொடைக்குள் ஒரு பானை, அதில் சிவப்புச் சாயம். கூத்துக் கட்டிய பீமன் சுற்றிச் சுற்றி வந்து தொடையில் அடிப்பான். பானை உடையும். சிவப்பு வழியும். திரௌபதி அதைத் தொட்டுத் தலைமுடியை முடிவாள்.

கூட்டத்தில் ஒருவருக்கும் அது மண் என்பதில் சந்தேகமில்லை. முதல் நாள் மண் வெட்டிப் போட்டவர்களே அவர்கள்தான். சாயத்தைக் கரைத்தவர் முன்வரிசையில் நிற்கிறார். ஆனாலும் பானை உடைகிற நொடியில் பெண்கள் அழுவார்கள், சிலருக்கு அருள் வரும். சிறுவயதில் பல்லைக் கடித்துக்கொண்டு நான் பார்த்திருக்கிறேன். முந்தைய ராத்திரி இதே ஜனம்தான் கட்டியங்காரன் அடித்த ஆபாச ஜோக்குக்கு உருண்டு உருண்டு சிரித்தது.

இதைவிட மலிவான ரத்தக் காட்சி உலகத்தில் எங்கே இருக்கிறது? ஆனால் இதை யாரும் 'மொக்கை' என்று சொல்வதில்லை. தையல் தெரிகிறது, தெரிந்தே நம்புகிறார்கள். சிரிப்பும் பயமும் ஒரே ஆளுக்குள் ஒரே ராத்திரியில் அக்கம்பக்கமாக உட்காருகின்றன.

புதிதாக வந்ததல்ல இது. கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைக்கிற பகுதியைப் படித்தவர்களுக்குத் தெரியும். யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்து, பிணங்களைப் போட்டுக் கூழ் காய்ச்சும் பேய்கள். ஒன்பது நூற்றாண்டுக்கு முன்பே ஜெயங்கொண்டார் ரத்தத்தையும் நகைச்சுவையையும் ஒரே அடுப்பில் வைத்துவிட்டார். அது சோழ அவை ஏற்ற இலக்கியம். தமிழ் வாசகன் பேயைப் பார்த்துப் பயந்துகொண்டே சிரிக்கத் தெரிந்தவன். 'நான் இதை முரணாக ரசிக்கிறேன்' என்று தள்ளி நின்று கைகட்டிக்கொள்வது எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட பழக்கம்.

எங்கள் தலைமுறைக்கு இந்தப் பழக்கம் வருவதற்கு முன்னால் கேபிள் டிவி வந்தது. உள்ளூர் கேபிள்காரர் ராத்திரி பத்து மணிக்கு மேல் மொழிமாற்றப் படங்களை ஓட்டுவார். 'ரத்தவெறி', 'கல்லறை', 'பேய்' என்ற மூன்று சொற்களை இடம் மாற்றி வைத்தால் ஒரு தலைப்பு. வெள்ளைக்காரப் பிணத்துக்கு மதுரைக் குரல். விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி' (1978) எத்தனை முறை ஓடியது என்று கணக்கில்லை. விறகுக்குப் பதில் தன் காலையே அடுப்புக்குள் வைத்து எரித்துச் சமைக்கிற பேயை ஒரு தடவை பார்த்தவன் மறந்திருக்க மாட்டான். அது பொம்மைக் கால் என்று அன்றைக்கே தெரியும். அதற்காகப் பாட்டி வீட்டு அடுப்படிக்கு ராத்திரி தனியாகப் போய்விட்டோமா என்ன?

•

சரி, அப்படியானால் தமிழில் வந்த நிஜமான ஜாம்பி படங்கள்? 2016இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி ஜெயம் ரவி நடித்த 'மிருதன்', தமிழின் முதல் ஜாம்பி படம் என்ற விளம்பரத்தோடு வந்தது. ஊட்டியில் டிராஃபிக் போலீஸ், அவனைச் சுற்றிப் பிணக்கூட்டம். 2019இல் யோகி பாபு, யாஷிகா ஆனந்த் நடித்த 'ஜாம்பி'. இரண்டையும் தியேட்டரில் பார்த்தேன். இரண்டுமே என்னிடம் ஒட்டவில்லை. மோசமாக எடுக்கப்பட்டதால் அல்ல. மோசமாக எடுக்கும் துணிச்சல் இல்லாததால்.

ஜாம்பி கதையின் விதி ஒன்றுதான்: யார் வேண்டுமானாலும் அடுத்த பிணம். ரொமேரோ படத்தில் விடியும்வரை தாக்குப்பிடித்த நாயகனைக் காப்பாற்ற வந்த கூட்டமே சுட்டுக் கொன்றுவிடும். அந்த நாயகன் கறுப்பர். வருடம் 1968. நமது தமிழ்ப் படத்தில் அந்த விதிக்கு முன்னாலேயே இன்னொரு விதி நிற்கிறது: நட்சத்திரம், காதல், பாட்டு, தங்கச்சி. 'மிருதன்' கடைசியில் நாயகனுக்கும் தொற்றை வைத்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவரை பிணங்கள் வெறும் அடியாட்கள். மாவு பூசிய அடியாட்கள். 'ஜாம்பி'யோ காமெடி என்ற சாக்கில் தன்னைத் தானே முதலில் கிண்டல் செய்துகொள்கிறது. பார்க்கிறவன் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட்டால் அவமானமில்லை பாருங்கள். கையில் வசதி இருந்தும் நம்பிக்கை இல்லாத படங்கள். 'ஜெகன்மோகினி'யின் பொம்மைக் காலில் இருந்த நம்பிக்கை இவற்றில் இல்லை.

•

இவ்வளவும் எழுதிவிட்டு, 'குறைதான் கையின் அடையாளம், அதுதான் அழகு' என்று முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நெசவு ஊரில் பிறந்தவனுக்கு உவமைக்கா பஞ்சம்? கைத்தறிப் புடவையில் எங்கேயாவது ஒரு இழை பிசகியிருக்கும், விசைத்தறியில் இருக்காது, ஆகவே... இப்படி.

ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்தவர்.

"சித்தப்பா, கைத்தறின்னா சின்னச் சின்னப் பிசகு இருக்கும், அதுதான அழகு?"

அவர் நாடாவை நிறுத்தாமலேயே கேட்டார். "இன்னாடா பேசற நீ? பிசகு அழகா? ஒரு இடத்துல இழை விட்டா கூலில புடிச்சிக்குவாங்க. அந்தப் புடிச்ச கூலிய நீ குடுப்பியா?"

"இல்ல சித்தப்பா, வாங்கறவங்க..."

"வாங்கறவங்களுக்கு இன்னா? நான் நேரா நெய்யணும்னுதான் உக்காந்திருக்கேன். கோணலா வந்துச்சின்னா அது எனக்குக் கஷ்டம். உனக்கு அழகா இருந்தா வச்சிக்க, ஆனா நான் அதுக்காக நெய்யல."

என் கட்டுரை அங்கே உடைந்தது. அவர் சொன்னதை ஒட்டித்தான் திரும்பக் கட்டியிருக்கிறேன்.

குறை அழகல்ல. குறையை அழகு என்று சொல்ல முடிகிறவன், அந்தக் குறைக்கு விலை கொடுக்காதவன். எங்கள் மொக்கைப் பட ராத்திரியில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் அப்படித்தான். எழுதுகிற நிரலில் வாரத்துக்கு நான்கு பிழை விடுகிறவர்கள், எந்தப் பிழைக்கும் சம்பளத்தில் பிடித்தம் இல்லாதவர்கள், கையில் காசில்லாமல் பிழை விட்டவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் அந்தப் படங்களில் நம்மை இழுப்பது என்ன? நேராக நெய்ய வேண்டும் என்று ஒருவன் உட்கார்ந்திருப்பது தெரிகிறதே, அதுதான். ஆசைக்கும் பைக்கும் நடுவிலுள்ள தூரம் திரையில் அப்படியே தெரிகிறது. அங்கியால் முகம் மூடிய அந்த வைத்தியர் நம்மைச் சிரிக்க வைக்க வந்து நிற்கவில்லை. செத்துப்போன நண்பனை எப்படியாவது இன்னொரு படத்தில் நடிக்க வைத்துவிட வேண்டும் என்று எட் வுட் நினைத்தார், அதற்காக வந்து நிற்கிறார்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. எல்லா மோசமான படமும் ஒன்றல்ல. 'ஷார்க்நேடோ' (2013) மாதிரி, மோசமாக இருந்தால் விற்கும் என்று கணக்குப் போட்டு மோசமாக எடுக்கப்படும் படங்கள் இருக்கின்றன. அவை கடையிலேயே கிழித்து விற்கிற ஜீன்ஸ். உழைத்துக் கிழிந்ததல்ல. அவற்றின் மேல் எனக்கு ஒரு துளி மரியாதை கிடையாது. அதேபோல, ஏனோதானோவென்று எடுத்துவிட்டு 'பட்ஜெட் இல்ல சார்' என்று சொல்கிறவனுக்கும் என்னிடம் சலுகை இல்லை. தறியில் இதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். ஜக்கார்டு அட்டையில் துளை தப்பாக விழுந்திருந்தால், அந்தத் தப்பு பூ வருகிற இடத்திலெல்லாம் சொல்லிவைத்தாற்போல் திரும்பத் திரும்ப வரும். கை தவறினால் ஒரே ஒரு இடத்தில் வரும். கணக்குப் போட்ட மோசம் முதல் வகை. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும். முயன்று தோற்றவனின் பிழை ஒவ்வொன்றும் ஒரு தடவைதான்.

ஷினிச்சிரோ உவேதா எடுத்த 'ஒன் கட் ஆஃப் த டெட்' (2017) என்ற ஜப்பானியப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாமல் ஓடும் ஒரு மட்டமான ஜாம்பி படம். நடிகர்கள் திடீரென்று பேச்சை நிறுத்தி முழிக்கிறார்கள், கேமரா தரையில் விழுந்து கிடக்கிறது. சிரிக்கிறோம். பிறகு படம் பின்னால் போய், அந்த 37 நிமிடம் எப்படி எடுக்கப்பட்டது என்று காட்டுகிறது. நாம் சிரித்த ஒவ்வொரு இடத்திலும் கேமராவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் வியர்த்து ஓடியிருக்கிறார். சுமார் 30 லட்சம் யென்னில், பெயர் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்த படம் போட்டதைப் போல ஆயிரம் மடங்கு சம்பாதித்தது. ஜனங்கள் எதைப் பார்க்க வந்தார்கள்? பிழையை அல்ல, பிழைக்குப் பின்னால் ஓடியவர்களை.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது, அதுவும் ஒரு நெசவு ஊரில். மகாராஷ்டிராவின் மாலேகான் விசைத்தறி ஊர். அங்கே நாசிர் ஷேக் என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'மாலேகான் கே ஷோலே' எடுத்தார். மாட்டு வண்டியின் நுகத்தடியைத் தூக்கி இறக்கி அதையே கிரேன் ஆக்கினார்கள். பிறகு சூப்பர்மேன். நடித்தவர் ஷஃபீக், விசைத்தறித் தொழிலாளி, ஒல்லியான உடம்பு. ஃபைஸா அகமது கான் எடுத்த 'சூப்பர்மென் ஆஃப் மாலேகான்' (2008) என்ற ஆவணப்படத்தில் அவர்கள் படம் எடுப்பதைப் பார்க்கலாம். ஷஃபீக் கொஞ்ச காலத்தில் புற்றுநோயால் இறந்துபோனார். அந்த ஒல்லியான சூப்பர்மேன் பறக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. அவரைத் தெரிந்துகொண்ட பிறகு அதே சிரிப்பைச் சிரிக்கவும் முடியாது.

•

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. மோசமான ஜாம்பி படம் அழியப்போகிறது. இன்றைக்கு ஆரணிப் பையன் ஒருவன் கைப்பேசியில் இரண்டு வரி தட்டினால், செயற்கை நுண்ணறிவு ஆயிரம் பிணங்களைத் தெருவில் இறக்கிவிடும். மாவு வேண்டாம், மச்சானைக் கெஞ்ச வேண்டாம், பிரியாணி வாங்கித் தர வேண்டாம். என் தொழிலே இதை ஒட்டித்தான் இருப்பதால் யோக்கியன் மாதிரிப் பேச எனக்கு உரிமையில்லை. காசில்லாதவன் கையில் கருவி கிடைப்பதை நான் ஏன் தடுக்க வேண்டும்? நேராக நெய்ய ஆசைப்பட்ட சித்தப்பாவிடம் கோணல்தான் அழகு என்று சொன்ன அதே தப்பைத் திரும்பவும் செய்கிறவனாகிவிடுவேன். எட் வுட்டுக்கு இந்தக் கருவி கிடைத்திருந்தால் லுகோசியின் முகத்தையே வரவழைத்திருப்பார், சந்தோஷமாக.

ஆனால் கணக்கில் ஒரு இழப்பையும் எழுதிவைக்க வேண்டும். மாவு பூசி எடுத்த படத்தில், பின்வரிசையில் மூன்றாவதாக நொண்டிக்கொண்டு வருகிற பிணம் ஒரு ஆள். யாரோ ஒருவருடைய மைத்துனர். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, வெயிலில் நாலு மணி நேரம் நின்று, தன் பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே வாயைப் பிளந்திருக்கிறார். ஒரு ஊர் கூடி ஒரு பொய்யை நம்பிப் பார்த்ததற்கு அவர் சாட்சி. கணினி பெற்றுப்போடுகிற ஆயிரம் பிணங்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. 'ஒயிட் ஜாம்பி'யின் சர்க்கரை ஆலை மாதிரி, யார் விழுந்தாலும் திரும்பிப் பார்க்காமல் அரைத்துக்கொண்டே இருக்கும். நான் கேட்பதெல்லாம், கருவி வந்தாலும் மைத்துனரைக் கூப்பிடுங்கள் என்பதுதான். பிரியாணி வாங்கித் தாருங்கள்.

மொக்கைப் பட ராத்திரிக்கு இப்போதும் போகிறேன். சிரிக்கவும் செய்கிறேன். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. கூத்தை யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை.

படுகளம் முடிந்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். பீமன் போய்விடுவான், மேளம் ஓய்ந்துவிடும், தொடை உடைந்த துரியோதனன் வெயிலில் வெடித்துக் கிடப்பான். எங்கள் பக்கம் சில ஊர்களில் ஜனங்கள் வந்து அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். நெல் இருக்கிற இடத்தில் போட்டால் வீட்டில் குறையிருக்காது என்பது நம்பிக்கை. முதல் நாள் தாங்களே வெட்டிக் கொட்டிய மண்தான்.